ஒன்பதாம் மாடியில் அறுபத்தொன்பது கிலோ

டாக்டர் தடுத்ததையே ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார். வகுப்பில் டஸ்டரால் மேஜையைத் தட்டிய கை. ஓய்வு பெற்ற பிறகும் தட்டுவது நிற்கவில்லை.

"ஏலிக்குட்டி, கேட்டுக்கோ. இந்த அம்பது நோன்பு முடியற வரைக்கும் உப்பைத் தொடமாட்டேன். தண்ணி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். இது என் நேர்ச்சை."

"அது நேர்ச்சை இல்லை இச்சாயா. அது டாக்டர் எழுதின சீட்டு."

"சீட்டு உடம்புக்கு. நேர்ச்சை ஆத்துமாவுக்கு. ஒரே விரதம், ரெண்டு பலன். எப்படி?"

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேர் ஏறின மாதிரி இருக்கு. பாதி வழியில இறக்கி விடுவாங்க."

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர் என் வீட்டுக்காரர்; ஊருக்குப் பைலி சார், எனக்கு இச்சாயன். அவர் ஓய்வு பெற்றதைப் பார்த்து அவருடைய இதயமும் பாதி வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டது. மீதிப் பாதி தள்ளுகிற ரத்தம் போதவில்லை. உப்பு உள்ளே போனால் தண்ணீர் வெளியே வராது. முதலில் காலில் தங்கும், அப்புறம் வயிற்றில், கடைசியில் நெஞ்சில். டாக்டர் இளைஞர், சிரிக்கத் தெரியாதவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "தினமும் காலையில் எடை பாருங்கள். ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். எழுபதைத் தாண்டினால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். நாளைக்கு வருகிறோம் என்றவர்கள் சிலர் இன்னும் வந்து சேரவில்லை."

இதைக் கேட்டு எங்கள் மகள் லின்சி அயர்லாந்திலிருந்து சட்டம் போட்டாள். அவள் அங்கே நர்ஸ். அந்த ஊர்க் கிழவர்களையெல்லாம் அடக்கி முடித்துவிட்டு மிச்ச அதிகாரத்தைப் போனில் அப்பா மேல் செலுத்துவாள். தினமும் காலையில் எடை மெஷினில் நின்று முள்ளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எழுபதுக்குக் கீழே இருக்கிறவரை யாரும் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. மேலே போனால் அப்பச்சன் (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏற வேண்டும். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து வீடியோவில் சத்தியம் செய்தார். நான்தான் புத்தகத்தைப் பிடித்தேன். அப்போதே அவர் கை கனமாகத்தான் இருந்தது.

முதல் வாரமே திருட்டு. முந்தின நாள் போட்டோவையே அனுப்பினார். லின்சி கண்டுபிடித்தாள். அன்றுமுதல் அன்றன்றைய பேப்பர், தலைப்புச் செய்தி தெரிகிற மாதிரி, காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். கடத்தல்காரர்கள் பணயக் கைதியைப் படம் எடுத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி. இரண்டாவது வாரம் குளியலறையில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், துண்டு போடுகிற கம்பி சுவரோடு பெயர்ந்து அவர் கையில் இருக்கிறது.

"என்ன இச்சாயா இது?"

"துண்டு எடுத்தேன்."

"துண்டு இங்க கிடக்கு. கம்பியை இல்ல எடுத்திருக்கீங்க? அதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுதானே எடை பாத்தீங்க?"

"ஒரு சோதனை பண்ணிப் பாத்தேன். அறிவியல்."

"உங்க அறிவியலுக்குச் சிமென்ட் பூச ஆளைக் கூப்பிடணும்."

அதற்குப் பிறகு திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் பேப்பர் வந்ததும் சுறுசுறுப்பாகக் குளியலறைக்குள் போவார். அன்றைய போட்டோவும் லின்சிக்குப் போய்விடும். பச்சை மிதியடி மேல் மெஷின், மெஷின் மேல் இரண்டு பாதம், பக்கத்தில் பேப்பர், முள் அறுபத்தொன்பதில். லின்சி கைதட்டுகிற பொம்மையை அனுப்புவாள். குளியலறையிலிருந்து வந்த கையோடு "கீழே போய் ஒரு நடை நடந்துட்டு வர்றேன்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நாங்கள் ஒன்பதாம் மாடி.

ஆனால் எனக்கும் கண் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு வந்தபோது அவர் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் இருந்தது. விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. நான் அருள்நிறை மரியே ஒன்று சொல்லி முடிக்கிறவரை குழி எழவில்லை. ஒரு தலையணை மூன்றானது. மல்லாந்து படுக்கிறவர் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினார். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போவதற்குள் நடுவில் நின்று காயலைப் பார்ப்பார், அங்கே படகு எதுவும் இல்லாதபோதும். வேட்டி மடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. முள் மட்டும் அறுபத்தொன்பது.

மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டேன். பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்தேன். பத்து. நான் ஏறி நின்றேன். உண்மையைச் சொன்னது. மெஷின் யோக்கியம்.

"இச்சாயா, போட்டோ கிடக்கட்டும். இன்னைக்கு ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்திருவோம்."

"எழுபது ஆச்சா?"

"ஆகலை."

"அப்ப அந்த வார்த்தையைச் சொல்லாதே. பெரிய வாரம். வியாழக்கிழமை பெசஹா. அப்பம் யார் முறிப்பா? மாத்துக்குட்டியா?"

மாத்துக்குட்டி அவருடைய தம்பி; அண்ணனை 'அச்சாச்சன்' என்றுதான் கூப்பிடுவான். பெசஹா என்பது ஈஸ்டருக்கு முந்தின வியாழன்; அன்று இரவு ஜெபம் முடிந்ததும், குருத்தோலையில் சிலுவை வைத்துச் சுட்ட புளிக்காத அப்பத்தைக் குடும்பத்தில் மூத்தவர்தான் வெட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும், வயது வரிசையில். தேங்காய்ப் பாலும் வெல்லமும் காய்ச்சிய பாலில் தோய்த்துச் சாப்பிடுவோம். அண்ணன் இல்லையென்றால் கத்தி தம்பி கைக்குப் போகும். தம்பி வெட்டினால் நடுத்துண்டு அவன் வாய்க்குப் போகும்.

"மாத்துக்குட்டி முறிச்சா ஆண்டவர் கோவிச்சுக்கவா போறாரு?"

அவர் சிரிக்கவில்லை. காயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பன் குருத்தோலை ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனோம். அடுத்த வருஷம் எங்களுக்கு அப்பம் அடுத்த வீட்டிலேர்ந்து வந்துச்சு. பெரிய வாரத்துல போறவன் திரும்பி வர்றதில்லை, ஏலிக்குட்டி."

எங்களில் வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் பெசஹா அப்பம் சுடமாட்டோம். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள், கொடுக்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

திங்கட்கிழமை துணி துவைக்கும்போது அந்தப் பச்சை மிதியடியை எடுத்தேன். மத்தி மீன் நாற்றம்! நாற்பது நாளுக்கு மேலாக மீன் செதில் நுழையாத வீடு. சட்டி பானையெல்லாம் சுட்டுக் கழுவி நோன்பு தொடங்கிய வீடு.

"இச்சாயா! குளியலறையில உக்காந்து மத்தி தின்னீங்களா?"

"ஏடி, மூளை இருக்கா உனக்கு? குளியலறையில எவனாவது மீன் திம்பானா?"

"துண்டுக் கம்பியில தொங்கறவன் எதுவும் பண்ணுவான். இதை மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். முகம் ஒரு கணம் கரும்பலகை மாதிரி வெறுமையாகிவிட்டது. "ஈரம். ஈரத்துல பூசணம் வரும். பூசணம் அப்படித்தான் நாறும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

சாயங்காலம் பதினாலாம் மாடி சூசம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலை சாக்கு. அவள் சொல்ல வந்தது வேறு.

"சேச்சி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. பைலி சார் ஏதாவது தனி ஜெபம் செய்யறாரா?"

"ஏன்?"

"இல்ல, காலையில மத்த வீட்டு வேலைக்காரப் பொண்ணுங்க மீன் வாங்கிட்டு வந்து லிஃப்டெல்லாம் மீன் தண்ணி சொட்டற நேரம், லிஃப்டைக் கூப்பிட்டேன். கதவு திறந்தா சார் உள்ள நிக்கறாரு. பச்சைப் பாய் விரிச்சு, அது மேல ஒரு பலகை, பலகை மேல சார். பக்கத்துல பேப்பர். தலை குனிஞ்சிருக்கு. கையில போன். 'ஸ்தோத்திரம்'னு சொன்னேன், பதில் இல்ல. நான் படியில இறங்கிட்டேன்."

"பலகை வட்டமா, சதுரமா?"

"சதுரம். நடுவுல கடிகாரம் மாதிரி ஒண்ணு."

நான் கறிவேப்பிலைச் செடியையே பிடுங்கி அவள் கையில் கொடுத்திருப்பேன்.

இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து லிஃப்டில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும். கீழே கிளம்புகிற நொடியில், "இப்ப நீ லேசாயிட்டே, ஏலிக்குட்டி. அடிவயித்துல தெரியுதா?" மேலே கிளம்பும்போது, "இப்ப நீ கனம்." "உங்க கூட வந்தா எனக்கு எப்பவுமே கனம்தான்" என்பேன். "உங்க கான்வென்ட்ல நியூட்டனுக்கு ஸ்வெட்டர் பின்னத்தான் கத்துக் குடுத்திருப்பாங்க" என்பார். நான் ஒரு நாளும் காது கொடுத்ததில்லை.

மறுநாள் அவர் மதியத் தூக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். ஏறி நின்று கீழ்த்தளத்தை அமுக்கினேன். பழைய லிஃப்ட், ஒரு குலுக்கலோடு கிளம்பும். முள் சரசரவென்று ஆறு கிலோ இறங்கியது! எதிலிருந்து இறங்கியது என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். ஒரு மூச்சு விடுகிற நேரம் நான் கல்யாணப் பெண். எட்டாம் மாடி வருவதற்குள் முள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு, ஆறு, ஐந்து எல்லாம் உண்மை. கீழே வந்து லிஃப்ட் தயங்கி நிற்கப்போகும்போது முள் எகிறி ஆறு கிலோ கூட்டிக் காட்டியது. மேலே குறைத்துக் கொடுத்ததைக் கீழே பிடுங்கிக்கொண்டது. நின்றதும் மறுபடி என் சொந்த எடை. மேலே ஏறும்போது எல்லாம் தலைகீழ்.

ஆக, சாரின் அறுபத்தொன்பது, லிஃப்ட் கிளம்புகிற அந்த ஒரு மூச்சில் எடுத்த போட்டோ. ஆறைக் கூட்டினேன். எழுபத்தைந்து. கூட்டல் கான்வென்டில் சொல்லிக் கொடுத்தார்கள். லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே யாரோ கூப்பிட, அது என்னையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனது.

உடனே அவரை எழுப்பிச் சண்டை போட்டிருக்கலாம். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைவரை வாதாடுவார். வாதாட அவருக்கு மூச்சு இல்லை என்பதுதான் சிக்கல். அவரை வாதத்தில் ஜெயிக்கக் கூடாது. சத்தியத்தில் பிடிக்க வேண்டும். எழுபதுக்கு மேல் ஒரு போட்டோ வேண்டும், அவருடைய கால், அவருடைய மிதியடி, அன்றைய பேப்பர் எல்லாம் சேர்ந்து. லின்சிக்குச் சொன்னேன். அவள் நர்ஸ், அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

பெசஹாவுக்கு முந்தின நாள் காலை. பேப்பர் வந்தது. அவர் பையைத் தூக்கினார். தூக்கவில்லை, இழுத்தார்.

"கீழே ஒரு நடை போயிட்டு வர்றேன்."

"மெதுவாப் போங்க இச்சாயா. நான் அப்பத்துக்கு உளுந்து ஊறவைக்கப் போறேன்."

கதவு சாத்தியதும் நான் படியில் இறங்கினேன். அவர் கடை விரிக்க நேரமாகும் என்பது என் கணக்கு. பையிலிருந்து மிதியடி, அதன் மேல் மெஷின், பக்கத்தில் பேப்பர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து ஓய்வு. பதினாலாம் மாடியில், முந்தின நாளே நான் சொல்லிவைத்திருந்த சூசம்மா, லிஃப்ட் அவரிடம் இறங்கி வராமல் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். என் முட்டி இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்தன. கீழே வாசலில் கார் நின்றது. டிக்கியில் ஆஸ்பத்திரிப் பை. என் கையில் இஸ்திரி போட்ட சட்டை. மேலே வெறும் பனியனோடு வருவார் என்று தெரியும்.

லிஃப்ட் இறங்கி வந்தது. நின்றது. கதவு திறந்தது.

பச்சை மிதியடி. மெஷின். பேப்பர். எடுத்த போட்டோவை மகளுக்கு அனுப்பியபடி மெஷின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கிக் குனிந்து எடுக்க அவருக்கு மூச்சு போதவில்லை. அதனால்தான் தினமும் கீழ்த்தளம்வரை அப்படியே நின்று வந்திருக்கிறார். நான் குனிந்து படம் எடுத்தேன். முள் அசையாமல் நின்றது. எழுபத்தைந்தரை.

"ஏடி! நீ எப்படி இங்க?"

"நடந்துதான். எனக்கு லேசாக வேண்டிய அவசியம் இல்லை."

அனுப்பினேன். போன் உடனே அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பச்சா, எழுபத்தஞ்சரை."

"மோளே, அது தப்புக் கணக்கு! உங்கம்மாவுக்கு எடுக்கத் தெரியலை. அது நிக்கிற நேரத்துல எடுத்தது. கீழே வந்து நிக்கும்போது எடை கூடுதலாத்தான் காட்டும். அது தோற்றம், நிஜமில்லை. லிஃப்ட் வேகம் குறையும்போது..."

"எந்த லிஃப்ட், அப்பச்சா?"

வாட்ச்மேன், பால்காரன், நடைப்பயிற்சி முடித்து வந்த இரண்டு பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் மாணவர்களைக் கேள்வி கேட்டு மடக்கியவர் பனியனோடு எடை மெஷின் மேல் நின்றார். கதவு மூடப் பார்த்தது, நான் முழங்கையால் தடுத்தேன். மறுபடி மூடப் பார்த்தது.

"லிஃப்ட் நின்னு எவ்வளவோ நேரமாச்சு இச்சாயா. நிக்கிற லிஃப்டுல முள் பொய் சொல்லாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"எப்பச் சொன்னேன்?"

"தினமும். நான்தான் கேக்கலை."

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு இறங்கினார். சட்டையைப் போட்டுவிட்டேன், பொத்தான்கள் வயிற்றருகே சேரவில்லை. சத்தியம் செய்தபடி ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினார். பாலம் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"மாத்துக்குட்டி நாளைக்கு வந்து கத்தியை எடுப்பான்."

"வீட்டைப் பூட்டிட்டேன். சாவி இதோ. கத்தி பையில இருக்கு."

"கத்தியா? ஆஸ்பத்திரிக்கா?"

"அப்பம் வெட்ட. டாக்டரை வெட்ட இல்லை."

முதல் நாளே குழாய் குழாயாகத் தண்ணீர் இறக்கினார்கள். சிரிக்கத் தெரியாத டாக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம் சின்னதாக ஒரு அப்பம் சுட்டு, சூசம்மா கொடுத்த குருத்தோலையில் சிலுவை வைத்து, தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோனேன். கட்டிலைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். மூக்கில் குழாயோடு ஜெபம் சொன்னார். வெட்டினார். வரிசையில் முதலில் எனக்கு, அப்புறம் அந்த நர்ஸ் பெண்ணுக்கு. பால் அவருக்கு ஒரே ஸ்பூன்.

மென்று பார்த்தார். "உப்பு பத்தலை."

"உங்க வயித்துல இருக்கறதைத் தொட்டுக்கோங்க. புத்தக அலமாரியில நியூட்டனுக்குப் பின்னாடி கண்ணிமாங்கா ஊறுகாய் ஜாடி கிடந்ததே, பாதி காலி. நேர்ச்சையா அது?"

மிச்ச அப்பத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஜெயிச்சுட்டே, ஏலிக்குட்டி" என்றார். "பெரிய வாரத்துல போனவன் திரும்பி வர்றேன். ஆனா அடுத்த வருஷம் வீட்டுலதான் வெட்டுவேன்."

"வெட்டுங்க. யார் வேண்டாம்னா?"

வந்தார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார், அறுபத்தாறு கிலோவில். லிஃப்ட் மேலே கிளம்பியதும் "இப்ப நான் கனம்" என்றார். "இல்லை இச்சாயா" என்றேன். அதற்குப் பிறகு தினமும் குளியலறைத் தரையில், நான் பக்கத்தில் நிற்க, எடை பார்த்தோம். மாம்பழக் காலம் முழுக்க அவருக்கு இருந்தது. மழைக்காலமும் இருந்தது. தம்பியோடு இரண்டு சண்டை போடவும் நேரம் இருந்தது. நான் ஜெயித்தது அவ்வளவு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில், முள் அறுபத்தேழைக்கூடத் தொடாத ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், குறுக்கே சாய்த்துப் பார்த்தார்கள், நான் போதும் என்றேன். ஆறு பேர் படியில் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். ஐந்தாம் மாடியில் மாத்துக்குட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அச்சாச்சன் என்னா கனம்!" என்றான்.

நேற்றைக்குப் பெசஹா. அப்பம் வந்தது, பதினாலாம் மாடியிலிருந்து, லிஃப்டில்.